கல்லாவில் நான், பெயரில் அவன்

எங்கள் மெஸ்ஸின் பெயரைப் போனில் தட்டினால் முதலில் ஒரு பக்கம் வரும். வட்டத்துக்குள் ஒரு பெரியவர் படம். நெற்றி நிறைய விபூதி, தோளில் துண்டு, படத்தின் ஓரத்தில் மாலையின் நுனி. அவர் என் மாமனார். இறந்து பல வருஷமாகிறது. கல்லாவுக்குப் பின்னால், முருகன் படத்துக்குக் கீழே, மாலை போட்டு மாட்டியிருக்கிறோம். சாப்பிட வந்த எவனோ அதைப் போனில் பிடித்துக்கொண்டு போய் அந்தப் பக்கத்துக்கு முகமாக வைத்திருக்கிறான். கீழே கடைப் பெயர். பெயருக்குப் பக்கத்தில் ‘அஃபிஷியல்’.

அது எங்கள் பக்கம் இல்லை. நாங்கள் ஆரம்பிக்கவில்லை, ஆரம்பிக்கச் சொல்லவில்லை, அதில் ஒரு எழுத்துகூட எங்களுடையது கிடையாது.

கடைப் பெயரை இங்கே எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதினால் என்ன ஆகும்? படிக்கிற நீங்கள் பாவப்பட்டாவது ஒரு தடவை தேடுவீர்கள். தேடினால் நேராக அவனிடம்தான் போய் நிற்பீர்கள். அவனுக்கு இன்னும் நாலு பேர் கூடுவார்கள். சொந்தக் கடைப் பெயரை வாய்விட்டுச் சொல்ல முடியாத இடத்துக்கு என்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். செஞ்சியில், திருவண்ணாமலை போகிற ரோட்டில், கோட்டைக்குப் போகும் வழியில் ஒரு மெஸ், மாடியில் நாலு அறை. இது போதும்.

அந்தப் பக்கத்தில் என்னவெல்லாம் இருக்கிறது தெரியுமா? ஒரு பௌர்ணமி அன்று ‘இன்றைய ஸ்பெஷல்’ என்று தட்டு நிறைய சிக்கன் பிரியாணி படம். பௌர்ணமி அன்றும் கார்த்திகை தீபத்தன்றும் எங்கள் அடுப்பில் கவுச்சி ஏறாது. என் மாமனார் வைத்த வழக்கம். சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாகக் கிரிவலம் போகிற சனம் முழுக்க எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகிறது. விரதம் இருப்பவர்கள் நம்பி உள்ளே வந்து உட்கார வேண்டும் என்று அன்றைக்கு மட்டும் சட்டி பானையைக்கூட மாற்றிவிடுவோம். அந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் திட்டினார்கள். வருஷா வருஷம் வருகிற ஒரு அம்மா வாசலிலேயே நின்றுகொண்டு, “பௌர்ணமியும் அதுவுமா இப்படிப் பண்ணலாமா? உங்க மாமனார் இருந்தா இப்படி நடக்குமா?” என்று கேட்டார். படியேறவே இல்லை. அவர் சொன்னது என் மாமனாரின் படத்தைப் போட்ட பக்கத்தைப் பார்த்துவிட்டு! நான் யாரிடம் போய்ச் சொல்ல?

இத்தனைக்கும் அந்தப் பிரியாணி எங்கள் பிரியாணியே இல்லை. அது நீள நீளமான பாசுமதி. நாங்கள் சீரகச் சம்பா போடுகிறவர்கள். சாப்பிடத் தெரிந்தவன் ஒரு பார்வையில் சொல்லிவிடுவான்.

இன்னொரு நாள் ‘செஞ்சிக் கோட்டையைக் கட்டிய தேசிங்கு ராஜா’ என்று ஒரு பதிவு. இந்த ஊரில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும், தேசிங்கு இதைக் கட்டவில்லை என்று. தேசிங்கு 1714-ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி இறந்தபோது இளவயசு. ஆண்டதும் கொஞ்ச காலம்தான். கோட்டையின் கதையோ தேசிங்குக்கு ஐந்நூறு வருஷம் முன்பு, ஆனந்தக் கோன் காலத்திலிருந்து தொடங்குகிறது. எங்களிடம் தினம் காலையில் இரண்டு இட்லி, ஒரு வடை சாப்பிடுகிற ரிட்டயர்டு சரித்திர வாத்தியார் ஒருவர் உண்டு. அதைப் பார்த்ததிலிருந்து என் வீட்டுக்காரரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. “ஊர்ச் சோத்தைத் தின்னுட்டு ஊர்க் கதையைத் தப்பா எழுதறியே” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். என் வீட்டுக்காரர் பரோட்டாவுக்கு மாவு பிசைகிறவர். அவருக்குப் போனில் பேசத் தெரியும், எழுதத் தெரியாது.

2025 ஜூலை 11-ம் தேதி பாரீஸில் கூடிய யுனெஸ்கோ கூட்டத்தில் மராட்டிய ராணுவ நிலப்பரப்பு என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். பதினொன்று மகாராஷ்டிரத்தில். பன்னிரண்டாவது எங்கள் செஞ்சி. ஊரே சந்தோஷப்பட்டது, நானும்தான். கூட்டம் வந்தது, வரட்டும். கோட்டையின் ராஜகிரி மலைப் படிக்கட்டில் குரங்குகளுக்கும் மனிதர்களுக்கும் நடுவே செல்ஃபி ஸ்டிக்குகள் வந்தன, வரட்டும். கூடவே, ‘செஞ்சி போனால் எங்கே சாப்பிடலாம், எங்கே தங்கலாம்’ என்று தேடுகிறவர்களுக்காக வலை விரித்துக் காத்திருக்கிறவர்களும் வந்தார்கள். ஒரு ஊர் பிரபலமாவது அந்த ஊரில் கடை வைத்திருப்பவனுக்குத்தான் லாபம் என்று நினைத்திருந்தேன். கடையே இல்லாதவனுக்கு அதைவிட லாபம் என்று இப்போது தெரிகிறது. அவனுக்கு வாடகை இல்லை, கேஸ் சிலிண்டர் இல்லை, பாத்திரம் கழுவ ஆள் தேட வேண்டியதில்லை. என் பெயர் ஒன்று போதும்.

பிரியாணிப் படத்தோடு நின்றிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு விட்டிருப்பேன். ஒரு பௌர்ணமி இரவு, மணி இரண்டு இருக்கும், ஷட்டரைத் தட்டினார்கள். வெளியே ஒரு வேன். தாம்பரம் பக்கத்திலிருந்து வந்த இரண்டு குடும்பம். பதினாலு கிலோமீட்டர் மலையைச் சுற்றிவிட்டு, திருவண்ணாமலையில் தங்க இடம் கிடைக்காது என்று தெரிந்து, நாற்பது கிலோமீட்டர் தள்ளி எங்கள் மாடியில் இரண்டு அறை ‘புக்’ பண்ணியிருக்கிறார்கள். வேனுக்குள் ஒரு பாட்டி, முழங்காலில் கட்டு. இரண்டு சின்னப் பிள்ளைகள் தூங்கி வழிகிறார்கள். எங்கள் நாலு அறையும் நாலு நாளைக்கு முன்பே போனில் சொல்லி வைத்தவர்களுக்குப் போய்விட்டது.

அந்தக் குடும்பத்துத் தம்பி போனை நீட்டினார். பக்கம் திறந்திருக்கிறது. மாமனார் படம். கீழே, ‘ரூம் கன்ஃபர்ம் அண்ணா, அட்வான்ஸ் 2,000 போடுங்க’ என்று ஒரு செய்தி. அதற்குக் கீழே கியூஆர் கோடு. பணம் போன ரசீதில் ஒரு பெயர். அது என் பெயரும் இல்லை, என் வீட்டுக்காரர் பெயரும் இல்லை, எங்கள் தெருவிலேயே அந்தப் பெயரில் ஆள் கிடையாது. கல்லா மேல் ஒட்டியிருக்கிற எங்கள் கியூஆர் அட்டையைப் பிய்த்து எடுத்துவந்து பக்கத்தில் வைத்துக் காட்டினேன். “பாருங்க தம்பி, இதுல என் பேரு வருது. நீங்க போட்டது வேற எவனுக்கோ.” அவர் இரண்டையும் பார்த்தார். பிறகு சுவரில் இருக்கிற படத்தைப் பார்த்தார். “இது உங்க கடைதானே? இவரு உங்க மாமனார்தானே? அப்ப நாங்க யாருக்குக் குடுத்தோம்?”

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

சாப்பாட்டு ஹாலில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு வீட்டிலிருந்து பாய் கொண்டுவந்து போட்டுக் கொடுத்தோம். பாட்டிக்கு வெந்நீர் வைத்தோம். விடிந்ததும் காபி குடித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் எங்கள் கடையின் பெயரில் ஒரே ஒரு நட்சத்திரம் விழுந்தது: ‘அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு தரையில் படுக்க வைத்தார்கள்.’ அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஆனால் அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். பணம் அவன் பையில், பாய் என்னுடையது, கெட்ட பெயரும் எனக்கு.

அதற்குப் பிறகு இன்னும் வேன்கள் வந்தன. நான் கணக்கு வைத்துக்கொள்வதை விட்டுவிட்டேன்.

புகார் கொடுக்கப் போனேன். வடிவேலு கிணற்றைக் காணோம் என்று போய் நின்ற மாதிரிதான் என்னைப் பார்த்தார்கள்.

“யார் பணம்மா போச்சு?”

“வந்தவங்க பணம் சார்.”

“அப்ப அவங்கதானே வந்து குடுக்கணும்? 1930-க்குப் போன் போடச் சொல்லுங்க.”

“அவங்க பணம் போச்சு. என் பேரு போச்சே சார்.”

அவர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். ஆனால் அவர் முன்னால் இருக்கிற படிவத்தில் தொகை எழுத ஒரு கட்டம் இருக்கிறது, வங்கிக் கணக்கு எண் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. பெயர் போனதை எழுத இடமில்லை. பணம் இழந்தவர்களோ தாம்பரத்திலும் வேலூரிலும் இருக்கிறார்கள். இரண்டாயிரம் ரூபாய்க்காக வேலையை விட்டு யார் அலைவார்கள்? அவனுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் இரண்டாயிரம். இருபதாயிரம் கேட்டால் யாராவது விடாமல் துரத்துவார்கள்.

சரி, அந்தப் பக்கத்தை நடத்த இடம் கொடுத்த கம்பெனியிடமே கேட்போம் என்று போனோம். பெயர் சொல்லவில்லை. எதுவாக இருந்தால் என்ன. ‘இந்தப் பக்கம் என்னுடையது’ என்று சொல்ல ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் கேட்கிற கேள்விகள் இருக்கின்றனவே, என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு கேட்கவில்லை. கடை பெயரில் மின்சார ரசீது வேண்டும். ஈ.பி. கார்டு மாமனார் பெயரில் இருக்கிறது. உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். அது என் வீட்டுக்காரர் பெயரில். வங்கிக் கணக்கு என் பெயரில். ஒரே குடும்பம், ஒரே அடுப்பு, மூன்று காகிதத்தில் மூன்று பெயர். இந்த நாட்டில் எந்தக் குடும்பக் கடைதான் அப்படி இல்லை? போதாததற்கு ஒரு காகிதத்தில் ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி. பொருந்தவில்லை என்று திருப்பிவிட்டார்கள்.

பிறகு வீடியோ கேட்டார்கள். நடுவில் நிறுத்தாமல், ஒரே ஓட்டமாக, தெரு தெரிய வேண்டும், பக்கத்துக் கடை தெரிய வேண்டும், பெயர்ப் பலகை தெரிய வேண்டும், பூட்டைத் திறந்து உள்ளே போக வேண்டும், முதலாளிதான் கையாள முடிகிற ஏதாவது ஒன்றைத் திறந்து காட்ட வேண்டும். என் மகள் போனைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்க, நான் கொத்துச் சாவியோடு முன்னால் நடந்தேன். நாற்பது வருஷமாக இருக்கிற கடைக்குள், அது என் கடை என்று காட்டுவதற்காக, திருடி மாதிரி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு நுழைந்தேன். டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். திருவண்ணாமலை பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கல்லாவைத் திறந்து சில்லறையைக் காட்டினேன். மாடிக்குப் போய் நாலு அறைச் சாவியையும் காட்டினேன். கடைசியில் மாமனார் படத்துக்கு முன்னால் நின்று, “இவர்தான்” என்றேன். அதை யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

‘சரிபார்க்க இயலவில்லை’ என்று பதில் வந்தது. எது குறை என்று ஒரு வார்த்தை இல்லை. திரும்பக் கேட்க ஒரு ஆள் இல்லை.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. பக்கத்தை எங்களிடம் தரலாமா என்று அந்தக் கம்பெனி அனுமதி கேட்டு மின்னஞ்சல் அனுப்பியது யாருக்குத் தெரியுமா? அவனுக்கு! ‘தற்போதைய உரிமையாளர்’ என்று அவனுக்கு மரியாதை வேறு. அவன் மறுத்துவிட்டான். மறுக்காமல் என்ன செய்வான்?

எனக்கு வயிறு எரிகிற இடம் இதுதான். அந்தப் பக்கத்தைத் தொடங்கியபோது அவனிடம் ஈ.பி. ரசீது கேட்டீர்களா? பூட்டைத் திறந்து காட்டச் சொன்னீர்களா? என் மாமனார் அவனுக்கு என்ன உறவு என்று கேட்டீர்களா? ஒரு பெயர், ஒரு படம், ஒரு போன் நம்பர், முடிந்தது. ராஜகிரிக் கோட்டையைப் பிடிக்க அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கானுக்கு 1690-லிருந்து 1698 வரை எட்டு வருஷம் ஆனது. என் மாமனாரின் பெயரைப் பிடிக்க இவனுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் போதுமாக இருந்திருக்கிறது. பொய்யைச் சொல்ல ஆதாரம் வேண்டாமாம். உண்மையைச் சொல்கிறவள்தான் கட்டுக்கட்டாகக் காகிதம் தூக்க வேண்டுமாம்.

ஒரு நாள் அவனே கூப்பிட்டான். அவன்தானா, அவனோடு சேர்ந்தவனா தெரியாது. சின்னப் பையன் குரல். மரியாதையாகத்தான் பேசினான்.

“அக்கா, உங்க பேஜ் எங்ககிட்டதான் இருக்கு. பதினஞ்சாயிரம் குடுத்தீங்கன்னா ஹேண்ட் ஓவர் பண்ணிடறோம்.”

“என் பேரை எனக்கே விக்கறியா தம்பி?”

“அப்படி இல்லக்கா. ஃபாலோயர்ஸ் எல்லாம் நான் வளர்த்தது. டெய்லி போஸ்ட் போடறேன். உழைப்பு இருக்குல்ல?”

உழைப்பாம்! விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அரிசி களைகிறவள் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் கறிக்கடை வாசலில் முதல் ஆளாக நிற்கிறவர் என் வீட்டுக்காரர். சாம்பாரில் உப்புக் கூடினால் இலையைப் பார்த்தே கண்டுபிடித்து, சாப்பிட்டவரிடம் காசு வாங்காமல் அனுப்பிய மனுஷன் என் மாமனார். அந்தப் பெயரைப் பார்த்துத்தான் உன்னிடம் ஆள் சேர்ந்தது. உன் உழைப்பைப் பார்த்து இல்லை தம்பி.

அட்வான்ஸ் வாங்கியது நீதானா என்று கேட்டேன். “அது வேற ஆளுக்கா, அட்மின் ரெண்டு மூணு பேர் இருக்காங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

பிடித்த கடைக்கு ஆசையோடு ஒருவர் பக்கம் தொடங்குவதை நான் தப்பு சொல்லமாட்டேன். 2008-ல் அமெரிக்காவில் டஸ்டி சோர்க், மைக்கேல் ஜெட்ரெஜெவ்ஸ்கி என்ற இரண்டு நண்பர்கள் கோகோ கோலா பிடிக்கும் என்பதற்காக ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கினார்கள். லட்சக்கணக்கில் ஆள் சேர்ந்துவிட்டது. ஒரு பிராண்டின் பெயரில் பக்கம் நடத்த அந்த பிராண்டின் அனுமதி வேண்டும் என்று ஃபேஸ்புக் சொன்னபோது, கோகோ கோலா அவர்களை விரட்டவில்லை. அட்லாண்டாவுக்கு அழைத்து, சுற்றிக்காட்டி, சேர்ந்தே நடத்துவோம் என்றது. கதை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பையன்கள் யாரிடமும் அட்வான்ஸ் வாங்கவில்லை. இன்னொன்று, கோகோ கோலாவுக்காக ஃபேஸ்புக் தானே விதியை எடுத்து நீட்டியது. செஞ்சி மெஸ்ஸுக்காக எந்தக் கம்பெனி விதிப் புத்தகத்தைப் புரட்டும்?

சில சமயம் யாரும் கெடுதல் நினைக்காமலும் பக்கம் முளைக்கும். ஃபேஸ்புக்கில் யாராவது ஒரு கடையில் உட்கார்ந்து ‘இங்கே இருக்கிறேன்’ என்று போட்டால், அந்தக் கடைக்குப் பக்கம் இல்லையென்றால் தானாகவே ஒன்று உருவாகிவிடுமாம். யாரும் நடத்தாத பக்கம். அப்படி ஒன்று எங்களுக்கும் முன்பு இருந்தது, நாலு பேர் தோசையைப் புகழ்ந்திருந்தார்கள். அதனால் எங்களுக்கு ஒரு கஷ்டமும் வந்ததில்லை. ஆள் இல்லாத பக்கம் ஆபத்தில்லை. ஆள் ஏறி உட்கார்ந்த பக்கம்தான் கடிக்கிறது.

இது செஞ்சியில் மட்டும் நடக்கிறதா? 2018-ல் மகாராஷ்டிரத்தில் கூகுள் வரைபடத்தில் பாங்க் ஆஃப் இந்தியா கிளைகளின் போன் நம்பரை மோசடிக்காரர்கள் மாற்றி வைத்தார்கள். வங்கிதான் என்று நம்பிக் கூப்பிட்டவர்கள் அட்டை விவரத்தை எல்லாம் சொல்லிப் பணத்தை இழந்தார்கள். ஒரு அரசு வங்கிக்கே அந்த கதி. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் செர்பியன் கிரௌன் என்று நாற்பது வருஷமாக நடந்த ஓட்டல். கூட்டம் வருகிற சனி ஞாயிறிலேயே ஆள் வரவில்லை. கூகுளில் சனி, ஞாயிறு, திங்கள் விடுமுறை என்று யாரோ பதிந்திருக்கிறார்கள். முதலாளி வயசானவர், இணையம் பக்கம் போகாதவர். வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து ஏன் மூடிவிட்டீர்கள் என்று கேட்ட பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. 2013-ல் ஓட்டலையே மூடிவிட்டு, இதுதான் காரணம் என்று வழக்குப் போட்டார். அந்தப் பெரியவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த போன் வந்தபோது அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தனி ஆட்கள் செய்வது போகட்டும். அதே அமெரிக்காவில் கிரப்ஹப் என்ற உணவு டெலிவரி கம்பெனி, தன்னோடு எந்த ஒப்பந்தமும் இல்லாத 3,25,000 உணவகங்கள் வரை தன் செயலியில் சேர்த்து வைத்திருந்தது என்று அந்த நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2024 டிசம்பரில் 2.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டுதான் கம்பெனி அதை முடித்துக்கொண்டது. சமைக்காத சாப்பாட்டுக்கும், கேள்விப்படாத ஆர்டருக்கும் அந்தக் கடைக்காரர்கள்தான் திட்டு வாங்கியிருப்பார்கள். ஆனால் அங்கே ஒரு அரசு அமைப்பு எழுந்து, கடைக்காரனைக் கேட்காமல் அவன் பெயரை எப்படிப் போட்டாய் என்று கேட்டது. இங்கே?

இங்கே 2025 ஏப்ரலில் மத்திய உள்துறையின் கீழ் இருக்கிற இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் ஒரு எச்சரிக்கை விட்டது. கேதார்நாத், சார்தாம் யாத்திரை போகிறவர்களைக் குறிவைத்துப் போலி இணையதளங்களும் சமூக ஊடகப் பக்கங்களும் நடக்கின்றன, விடுதி என்றும் ஹெலிகாப்டர் என்றும் பணம் பிடுங்குகிறார்கள், சரிபார்க்காமல் பணம் கட்டாதீர்கள் என்று. நல்ல எச்சரிக்கை. ஆனால் எச்சரிக்கை முழுக்கப் பணம் கட்டுகிறவர்களுக்கு. பெயர் பறிபோன விடுதிக்காரன் என்ன செய்ய வேண்டும்? தீபத்துக்கு வருகிற சனம், மேல்மலையனூர் அமாவாசைக்கு வருகிற சனம், இப்போது கோட்டைக்கு வருகிற சனம், எல்லோருக்கும் நடுவில் நாங்கள் இருக்கிறோமே, எங்களுக்கு யார் எச்சரிக்கை விடுவது?

சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. வக்கீல் ஒருவர் பொறுமையாகச் சொன்னார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66டி என்று ஒரு பிரிவு, இன்னொருவராக நடித்து கம்ப்யூட்டர் வழியாக ஏமாற்றினால் மூன்று வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம். 2021-ல் வந்த விதிகளில் ஒவ்வொரு சமூக ஊடகக் கம்பெனியும் ஒரு குறைதீர்ப்பு அதிகாரியை வைக்க வேண்டும், 24 மணி நேரத்தில் புகார் வந்து சேர்ந்ததைச் சொல்ல வேண்டும், 15 நாளில் முடிக்க வேண்டும் என்று இருந்தது. அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் மேல்முறையீட்டுக் குழு, அதுவும் 2023-ல் அமைத்தாகிவிட்டது. பெயரை டிரேட் மார்க் பதிவு செய்யலாம், ஓட்டல், லாட்ஜ் எல்லாம் 43-ம் வகுப்பு, சின்னக் கடைக்கு 4,500 ரூபாய் கட்டணம். எல்லாம் இருக்கிறது. அந்தக் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினோம், புகார் எண் வந்தது. புகார் எண் மட்டும்தான் வந்தது.

“நோட்டீஸ் அனுப்பலாமே சார்” என்றேன். “யாருக்கும்மா? முகவரி வேணுமே” என்றார்.

பெயர் தெரியாத எதிரிமேல் வழக்குப் போட நம் உயர் நீதிமன்றங்களில் ஒரு வழி உண்டாம். எதிரியின் இடத்தில் ‘அசோக் குமார்’ என்று போட்டுக்கொள்வார்களாம். புதுப்படம் வரும்போது திருட்டுப் பிரதி எடுப்பவர்களுக்கு எதிராகத் தயாரிப்பாளர்கள் வாங்குகிற தடை அப்படிப்பட்டதுதான். ரஜினிகாந்த் 2015-ல் தன் பெயரை வைத்து எடுத்த இந்திப் படத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கினார். அவர் பெயர் அவருக்குச் சொத்து, சரிதான். என் மாமனாரின் பெயர் எங்களுக்குச் சொத்து இல்லையா? ஆனால் சென்னைக்குப் போய், வக்கீல் வைத்து, அசோக் குமாரோடு மல்லுக்கட்ட, நாலு அறையும் பதினாலு பெஞ்சும் வைத்திருக்கிறவளால் முடியுமா? கடையை யார் பார்ப்பது?

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் படித்தவர்கள் ஒரு புத்தி சொல்கிறார்கள். “நீங்க முதல்லயே ஒரு பேஜ் ஆரம்பிச்சு வச்சிருக்கணும் மேடம்.” கேட்கும்போதெல்லாம் கொதிக்கிறது. ஏன் ஆரம்பித்திருக்க வேண்டும்? கடை திறந்தால் நகராட்சி, பேரூராட்சி என்று உரிமம் வாங்க வேண்டும், வாங்கினோம். உணவுப் பாதுகாப்பில் பதிய வேண்டும், பதிந்தோம். தராசுக்கு முத்திரை குத்த வேண்டும், குத்தினோம். எங்கோ இருக்கிற ஒரு தனியார் கம்பெனியிலும் முந்திக்கொண்டு இடம் பிடிக்காவிட்டால் உன் பெயர் உனக்கில்லை என்று எந்தச் சட்டம் சொல்கிறது? ஒரு கம்பெனியில் பிடித்தால் போதுமா? இன்றைக்கு நாலு செயலி, நாளைக்கு ஆறு. ஒவ்வொன்றிலும் போய் நான் காவல் நிற்க வேண்டுமா? சாப்பாடு போடுவது என் தொழில். அவர்கள் திறந்துபோட்ட வீட்டுக்கு வாட்ச்மேன் வேலை பார்ப்பது இல்லை.

இன்னொரு புத்தி: “பெயரை மாத்திடுங்க, சின்னதா ஒரு ‘நியூ’ சேர்த்துக்குங்க.” சொன்னவர் சொந்தக்காரர். அவருக்கு அன்றைக்குக் காபி கொடுக்கவில்லை.

நாங்கள் செய்ய முடிந்ததைச் செய்திருக்கிறோம். வாசலில் தகரப் போர்டு ஒன்று தொங்குகிறது: ‘எங்கள் மெஸ்ஸுக்கு ஆன்லைன் புக்கிங் கிடையாது. அறைக்கு முன்பணம் வாங்குவதில்லை.’ வேனில் வந்து இறங்குகிறவர்கள் அதைப் படிக்கிறார்கள். பணம் போன பிறகு படிக்கிறார்கள். வாசலில் தொங்குகிற போர்டு தாம்பரத்தில் தெரியாதே! தெரிந்தவர்கள் எல்லோரையும் அந்தப் பக்கத்தைப் பற்றிப் புகார் தட்டச் சொன்னோம். தட்டினார்கள். ‘எங்கள் விதிமுறைகளை மீறவில்லை’ என்று ஆளாளுக்குப் பதில் வந்தது. செத்துப்போனவர் முகத்தை வைத்து, இருக்கிறவர் பெயரில், இல்லாத அறைக்குப் பணம் வாங்குவது விதிமீறல் இல்லையென்றால், எதுதான் விதிமீறல்?

எனக்கு அந்த ஃபாலோயர்ஸ் வேண்டாம். நீலக்குறி வேண்டாம். நஷ்ட ஈடுகூடக் கேட்கவில்லை. என்னிடம் கேட்ட ஈ.பி. ரசீதை, என்னிடம் கேட்ட பதிவுச் சான்றை, என்னை எடுக்கச் சொன்ன அதே வீடியோவை அவனிடம் கேளுங்கள். தெருவிலிருந்து ஆரம்பித்து, போர்டைக் காட்டி, பூட்டைத் திறந்து, கல்லாவைத் திறந்து, ஒரே ஓட்டமாக. அவன் எடுத்து அனுப்பும் வரைக்கும் பக்கத்தை மூடி வையுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன். முன்பணம் போன குடும்பங்களுக்குப் பணம் திரும்ப வருமா என்று அவனிடமும், அவன் கியூஆருக்குப் பின்னால் இருக்கிற வங்கிக் கணக்கிடமும் கேட்க வேண்டியவர்கள் கேட்கட்டும். அவன் யூபிஐ ஐடி ரசீதிலேயே கிடைக்கும். நான்கூட எடுத்து வைத்திருக்கிறேன்.

பொங்கலன்று அந்தப் பக்கத்தில் கரும்பும் பானையும் போட்டு, ‘எங்கள் குடும்பத்தின் சார்பில் இனிய வாழ்த்துகள்’ என்று எழுதியிருந்தான். எங்கள் குடும்பமாம். கீழே இதயம் போட்டிருந்தவர்கள் வரிசையில் என் அக்கா மகள் பெயரும் இருந்தது. போன் போட்டுக் கேட்டால், “நீங்க போட்டதுன்னு நெனச்சேன் சித்தி, நல்லா இருந்துச்சே” என்கிறாள்.